பிரஷ் கட்டர் சீஸ் ஆனது யார் தவறு? இனி எந்தப் பெட்ரோல் ஊற்றுவது?

ஏற்காடு மலையில் நான்கு ஏக்கர் காபித் தோட்டமும் மூன்று அறை ஹோம்ஸ்டேயும் நடத்தும் 52 வயது வாசகி எழுதியிருக்கிறார். அவரிடம் இரண்டு மெஷின்கள். ஒன்று, தோட்டத்துக் களை வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. மற்றொன்று, ஹோம்ஸ்டே முன்னால் உள்ள புல்தரைக்கான ஃபோர் ஸ்ட்ரோக் லான் மூவர். மூன்று வருடம் பழையது. சேலம் வரும்போது 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வாங்கிப் போய், இரண்டு மாதம் வைத்துக்கொள்கிறார். பாதியில் ஆயில் கலந்து இன்னொரு கேனில் வைப்பது வழக்கம்.

ஜூலை சாரலில் பிரஷ் கட்டர் புகை கக்கித் திணறியது. அங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்ட, அவர் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தார். புகை நின்றது. ஆகஸ்டில் அதே மெஷினை, அதே கலவையோடு, மலையடிவாரத்தில் உள்ள தம்பியின் தென்னந்தோப்புக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் எஞ்சின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. விற்ற கடையில், 'ஆயில் சரியாகக் கலக்கவில்லை, வாரண்டி கிடையாது' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற 7,800 ரூபாய். பதினோரு வருடமாகத் தோட்டத்தில் வேலை செய்பவர்தான் எப்போதும் ஆயில் கலப்பவர் என்பதால், இரண்டு மாதமாக அவர் சம்பளத்தில் ஆயிரம் ஆயிரமாகப் பிடித்து வருகிறார். 'அவர் சரியாகத்தான் கலந்தேன் என்கிறார். எனக்கும் மனசு கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்டிருப்பவை: இனி 95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா? தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வீடியோ பார்த்தேன், செய்யலாமா? பாதுகாப்புக்கு ஆயிலைக் கூட்டிவிடலாமா? லான் மூவர் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது, அதற்கும் பெட்ரோல்தான் காரணமா? எல்லாவற்றையும் தள்ளிவிட்டு பேட்டரி மெஷின் வாங்கிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகச் சின்ன எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதிய விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். இந்த மாதச் சம்பளத்தில் அந்த ஆயிரத்தைப் பிடிக்காதீர்கள். மெஷினைப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் சம்பவங்கள் அவர் கையைக் காட்டவில்லை. அவர் ஆயிலைச் சரியாகவே கலந்திருந்தாலும் இந்த எஞ்சின் சீஸ் ஆகியிருக்கக்கூடும். எப்படி என்று சொல்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் சேம்பர் கிடையாது. நாம் பெட்ரோலில் கலந்து விடும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இது தெரியும். பங்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்து வாங்கிக் குலுக்கி ஓட்டியவர்கள்தான் நாம். அன்றைக்கு அந்தக் கலவை கலந்தபடியே இருந்தது. இன்றைக்கு அப்படி இருக்கும் என்று நம்பிவிட முடியாது, ஏனென்றால் பெட்ரோலே மாறிவிட்டது.

எத்தனால் கலந்த பிறகு என்ன மாறியது

நாம் இப்போது பங்கில் வாங்கும் சாதாரண பெட்ரோல் இ20, அதாவது நூறில் இருபது பங்கு எத்தனால். 2022-ல் பத்து சதவீதத்தை எட்டினோம். 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடங்கியது. 2030-க்கு என்று வைத்திருந்த இ20 இலக்கை 2025-க்கே இழுத்து வைத்து எட்டியும் விட்டார்கள். புது கார், பைக்குகளை அதற்கேற்ற ரப்பரும் ட்யூனிங்கும் வைத்துத் தயாரிக்கிறார்கள். பிரஷ் கட்டர், செயின் சா, லான் மூவர் போன்றவற்றின் கையேடுகளைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் 'எத்தனால் 10 சதவீதம் வரை' என்றுதான் இருக்கும். அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோல் விற்கும் பம்பிலேயே, படகுக்கும் இதுபோன்ற பெட்ரோல் மெஷின்களுக்கும் இதைப் போடாதே என்று லேபிள் ஒட்டியிருப்பார்கள். உங்கள் மெஷின் கையேட்டில் என்ன இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வாரண்டி பேச்சுக்கும் அது தேவைப்படும்.

எத்தனாலால் மூன்று வகைத் தொல்லை. ரப்பர் டயாஃப்ரமையும் பெட்ரோல் ட்யூபையும் அது ஊதவைத்து, பிறகு விறைக்கவைக்கும். இது மெதுவாக நடப்பது. இரண்டாவது, அதில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே கார்புரேட்டர் அமைப்பில் எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடும். பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை சூடாக எரியும். காரில் கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டும். உங்கள் பிரஷ் கட்டரில் இருப்பது ஒரு ஸ்க்ரூ மட்டும்தான்.

மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் நான் பெரிதும் சந்தேகப்படுவது. எத்தனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவு வரைக்கும் வெளியே தெரியாது. பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை தாங்கும். இ20 இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். அந்த அளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர் கூடினால் தாங்கும் அளவும் குறையும். பகலில் தெளிவாக இருந்த கேன், ஏற்காட்டுக் குளிரில் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் இரண்டு அடுக்காக நிற்கலாம்.

ஆயில் எங்கே போகும்? மேலே, பெட்ரோலோடு. டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். அப்படிப் பிரிந்திருந்தால், எஞ்சின் குடித்தது ஆயிலே இல்லாத எத்தனாலும் தண்ணீரும். கலந்தவர் அளவு பார்த்து ஊற்றியிருந்தாலும் பிஸ்டனுக்கு ஒரு சொட்டு போய்ச் சேராது.

மூடி இறுக்கிய கேனுக்குள் காற்றின் ஈரம் மட்டும் இவ்வளவு செய்துவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈரமான புனல், சரியாக மூடாத மூடி, சாரலில் திறந்து வைத்து ஊற்றுவது, தாழ்வாரத்தில் ஓட்டு நீர் சொட்டும் இடத்தில் கேன் வைப்பது. இவைதான் வழி. மூன்று லிட்டர் கலவையைக் கெடுக்க அரை டம்ளர் தண்ணீர்கூட வேண்டியதில்லை.

மலையும் அடிவாரமும்

இதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் கண்ணில் பட்டது.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போகும்போது காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதனால் கீழே ட்யூன் செய்த மெஷின் மேலே போனால் பெட்ரோல் கூடிப்போய்ப் புகையும், பிளக் கறுக்கும், சக்தியும் குறையும். உங்கள் மெஷின் ஜூலையில் செய்தது அதுதான். மெக்கானிக் பெட்ரோலைக் குறைத்தது அந்த உயரத்துக்குத் தவறில்லை. அங்கே ஓடும் வரைக்கும் அது சரியான ட்யூனிங்.

ஆனால் அதே ஸ்க்ரூவோடு மெஷினைக் கீழே இறக்கினீர்கள். அடர்த்தியான காற்று, இ20-யால் ஏற்கெனவே மெலிந்த கலவை, அடிவாரத்து வெயில், தென்னந்தோப்பில் ஆள் உயரப் புல், முழு த்ராட்டில். இதற்கு மேல் கலவையும் பிரிந்திருந்தால், அரை மணி நேரம் தாங்கியதே அதிகம். எத்தனையோ தோட்டக்காரர்கள் மேலும் கீழும் ஒரே மெஷினைக் கொண்டுபோய் வருகிறார்கள், இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இனி கீழே கொண்டுவந்தால் முதலில் ஸ்க்ரூவைக் கீழ்நாட்டுக் காற்றுக்கு மாற்றிய பிறகே வெட்ட ஆரம்பிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அது முடியாதென்றால் தம்பி வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்துக்கொள்வது மலிவு.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஆகஸ்டில் ஊற்றிய கலவைக் கேனில் மூன்று லிட்டர் மிச்சம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். குலுக்காமல் அப்படியே வைத்து, அடிவரைக்கும் ஒரு ட்யூப் விட்டுக் கைப்பம்பால் எடுத்து, மேலிருந்தும் கொஞ்சம் சேர்த்து ஒரு கண்ணாடி பாட்டிலில் நிரப்புங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது; தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான்.

பாட்டிலை மூடி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். டூ-டி ஆயிலில், அதாவது டூ ஸ்ட்ரோக்குக்கான ஆயிலில், சாயம் போட்டிருப்பார்கள். நீலமோ பச்சையோ சிவப்போ இருக்கும். மேலே சாயத்தோடு ஓர் அடுக்கும் அடியில் நிறமில்லாமலோ கலங்கலாகவோ இன்னோர் அடுக்கும் தெரிந்தால், ஆயில் கலந்திருக்கிறார், கலவை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். சாயமே இல்லாமல் வெறும் பெட்ரோல் நிறம் இருந்தால், ஆயில் இல்லாத கேன் கைமாறியிருக்கிறது. அப்போதும் அவர்மேல் பாய்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஒரே மாதிரி இரண்டு வெள்ளை கேன், பக்கத்தில் பக்கத்தில், எதிலும் பெயர் எழுதவில்லை. யார் எடுத்தாலும் மாறத்தான் செய்யும்.

கடையில் கழற்றிய பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கீறியிருந்தால் மெலிந்த கலவையும் சூடும் முதல் சந்தேகம். சுற்றிலும் வறட்டுக் கீறல் என்றால் ஆயில் போய்ச் சேரவில்லை.

95, 100 என்ற எண்கள்

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோல் 'பவர்' கூடியது என்று நினைக்கிறோம், பெயர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பது. அதிக கம்ப்ரஷன் உள்ள எஞ்சினுக்குத்தான் அது தேவை. உங்கள் இரண்டு மெஷினும் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின்கள். காற்று மெலிந்த மலையில் தேவை இன்னும் குறைவு. 95 போட்டால் கூடுதலாகச் செலவாகும், வெட்டு கூடாது. அதிலும் எத்தனால் இருக்கிறது என்பதால் உங்கள் பிரச்சினையும் தீராது.

100 ஆக்டேன் வேறு கதை. அதில் எத்தனால் கலப்பதில்லை என்பதற்காகச் சிலர் தேடி வாங்குகிறார்கள். விலை சாதாரண பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு, எல்லா பங்கிலும் கிடைக்காது. எத்தனால் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கத்தில் ஏறி நின்றால் இ20. ஆயில் கலக்காத பெட்ரோலில், வெட்டவெளியில் செய்யுங்கள். செய்த பெட்ரோலை மெஷினுக்கு ஊற்றாதீர்கள்.

இந்தச் சோதனையைத்தான் யாரோ பெரிதாக்கி, கேன் கணக்கில் தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரிக்கும் வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்கும், பெட்ரோலில் ஈரம் தங்கும், மிஞ்சும் எத்தனால் தண்ணீரைக் கொட்ட இடமில்லாமல் தோட்டத்து மண்ணில் விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினர் தங்கும் வீட்டில் பத்து லிட்டர் பெட்ரோலைத் திறந்து வைத்துக் குலுக்குவதற்கு எந்த லாபமும் ஈடாகாது. மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று மேஸ்திரி சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய பம்பு செட் நினைவில் சொல்லியிருப்பார். அது அதற்கென்றே செய்த எஞ்சின், இதற்குக் கூடாது.

என் யோசனை இதுதான். நீங்கள் வருடத்துக்கு ஐம்பது அறுபது லிட்டர் செலவழிக்கிறீர்கள். தினசரி வெட்டுக்குச் சாதாரண பெட்ரோலே போதும், அது புதிதாக இருக்கும் வரைக்கும். நல்ல விற்பனை உள்ள பங்கில், ஒரு தடவைக்கு ஐந்து லிட்டர். ஆயில் கலந்ததை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்; கலக்காததை ஒரு மாதத்துக்குள். மிஞ்சினால் கலக்காததைப் பைக்கில் ஊற்றிவிடலாம். களை வெட்டு முடிந்து, காபிப் பழம் பறிப்பு ஆரம்பித்து, மெஷினை இரண்டு மூன்று மாதம் ஓரமாக வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். 100 ஆக்டேன் கிடைத்தால் அந்தக் கடைசி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே அந்தக் கூடுதல் பணம் உழைக்கும். வெளிநாடுகளில் செயின் சாவுக்கென்றே எத்தனால் இல்லாத, ஆயில் கலந்த பெட்ரோலை டின்னில் அடைத்து விற்கிறார்கள். நமக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. புதுப் பெட்ரோல் வாங்கும் ஒழுங்கு அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும்.

ஆயில் எவ்வளவு, எந்த ஆயில்

உங்கள் ஆள் 'ஒரு மூடி' கணக்கில் ஊற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மூடி மாறும். மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கிக் கொடுங்கள், ஊசி இல்லாமல். கையேட்டில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி; 40-க்கு 1 என்றால் 25; 25-க்கு 1 என்றால் 40. ஒரே மெஷினுக்கே ஆயிலின் தரத்தைப் பொறுத்து இரண்டு விகிதம் போட்டிருப்பதும் உண்டு, அதனால் கவனித்துப் படிக்கவும்.

ஆயில் டப்பாவில் ஜாசோ (JASO) தர முத்திரை எஃப்சி (FC) அல்லது எஃப்டி (FD) என்று இருக்க வேண்டும், எஃப்டி மேல். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருப்பது படகு எஞ்சினுக்கானது. அது தண்ணீரில் குளிர்வது, உங்கள் மெஷின் காற்றில் குளிர்வது. ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயிலை ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன், கூடாது.

பயத்தில் ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்பது நல்ல எண்ணத்தில் வரும் தவறு. கூட்டினால் பிளக் அடைக்கும், சைலன்சர் வலையில் கரி கட்டும். அதைவிட முக்கியம், ஆயில் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் மெலியும். உங்கள் ஜூலை மாதப் புகையில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன் கேனை நன்றாகக் குலுக்கச் சொல்லுங்கள்.

லான் மூவர்

இதற்கும் பெட்ரோல்தான் காரணம், ஆனால் வேறு விதத்தில். கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனாலும் ஈரமும் நின்று அலுமினியத்தை அரித்த தூள் அது. அதோடு பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்து, ஊசி முனை அளவுள்ள ஜெட்டை அடைத்திருக்கும். கிண்ணத்தைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரால் சுத்தம் செய்து, ஜெட்டைக் காற்றால் ஊதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். இதற்குத் தனி ஆயில் சேம்பர் உண்டு; ஆயில் கலந்த பெட்ரோல் இதற்கு வேண்டாம்.

கேன்

இரண்டு கேனும் கட்டாயம் மாற வேண்டும். 1934-ஆம் வருடப் பெட்ரோலியம் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதில் வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரம். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. பங்கில் கேனில் ஊற்ற மறுத்தால் கோபப்படாதீர்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஐந்து லிட்டர் உலோகக் கேன் இரண்டு. ஆயில் கலந்ததற்குச் சிவப்புப் பெயிண்ட், கலக்காததற்கு வெள்ளை. கலந்த தேதியைச் சாக்பீஸால் எழுதுங்கள். பங்கில் ஊற்றும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்து ஊற்ற வேண்டும். வண்டிக்குள் வைத்தே ஊற்றினால் நிலைமின்சாரப் பொறி பறக்கும் அபாயம் உண்டு. ஏற்காடு பஸ்ஸில் ஒரு லிட்டர்கூடக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் சமையலறைக்கும் விருந்தினர் அறைக்கும் தள்ளி, நிழலில், சாரல் அடிக்காத இடத்தில் வையுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாமல் பத்து நிமிடம் ஆறவிடச் சொல்லுங்கள்.

வாரண்டியும் புது மெஷினும்

சட்டம் என் தொழில் இல்லை, ஆனால் இந்த மாதிரிச் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சோதனை வைத்து ஆயில் இல்லை என்கிறார், கையேட்டின் எந்த விதிப்படி மறுக்கிறார். கையேட்டில் இ20 கூடாது என்று இருந்து, விற்கும்போது அதை உங்களிடம் சொல்லவில்லை என்றால், அது பேச வேண்டிய விஷயம். கம்பெனிக்கு நேரடியாக எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் உங்களுடையது அதில் அடங்குமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். மேலிருந்து கீழே ட்யூன் மாற்றாமல் ஓட்டியதும் இதில் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்தே பேசுங்கள். முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். பாகத்தின் விலையில் பாதிக்கு இறங்கி வந்தால் ஏற்றுக்கொள்வது நல்லது.

புது மெஷினுக்கு அவசரப்பட வேண்டாம். ஒன்பது மாத மெஷின், பிஸ்டன் சிலிண்டர் மாற்றினால் நன்றாக உழைக்கும். அடுத்து வாங்கும் காலம் வந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரைப் பாருங்கள். எந்தச் சாய்விலும் ஓடும்படி செய்த மாடல்கள் இருக்கின்றன, ஆயில் கலக்கும் வேலையே இல்லை. கொஞ்சம் கனம் கூட, ஆயில் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். பெட்ரோல் கெடும் பிரச்சினை மட்டும் அதிலும் அப்படியே இருக்கும். பேட்டரி மெஷின் ஹோம்ஸ்டே புல்தரைக்கு நல்ல யோசனை. சத்தம் குறைவு, விருந்தினர் இருக்கும்போதும் வெட்டலாம். சில்வர் ஓக் நிழலில் நாள் முழுக்க நான்கு ஏக்கர் களைக்கு அது இன்னும் பத்தாது என்பது என் அனுபவம். வாங்குவதற்கு முன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல் சதவீதம் உண்டு.

கடைசியாக, உங்கள் ஆளைப் பற்றி. பாட்டில் சோதனையை அவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள், தனியாகச் செய்து முடிவு சொல்லாதீர்கள். சாயம் மேலடுக்கில் தெரிந்தால் பிடித்த இரண்டாயிரத்தையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். அவர் ஆயில் கலந்துதான் இருக்கிறார் என்று வாய் திறந்தும் சொல்லுங்கள், மற்ற ஆட்கள் காது கேட்க. பணத்தைவிட அந்தச் சொல்லுக்குத்தான் அவர் இரண்டு மாதமாகக் காத்திருப்பார். அப்புறம் பழைய பிஸ்டனையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சேலம் வரும்போது அவரையும் கூட்டி வாருங்கள். மேலே ஒரு ட்யூன், கீழே ஒரு ட்யூன், ஸ்க்ரூ எவ்வளவு திருக வேண்டும் என்பதை அவர் கையாலேயே செய்து பார்க்க வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சின்ன எஞ்சின் ஆலோசகர்